சுத்துற குண்டு நேரா போகும், ஆனா ஹீட் ரவுண்டு சுத்தினா ஏன் ஆழமா துளைக்காது?

கேள்வி கேட்டவர் எழுதினது சுருக்கமா இதான்: "துப்பாக்கி குண்டு சுத்தினாத்தான் நேரா போகுது, ட்ரில் பிட்டும் சுத்தித்தான் ஓட்டை போடுது, அப்போ டேங்க் அடிக்கிற ஹீட் ரவுண்டு மட்டும் சுத்தினா ஊடுருவல் குறையும்னு ஏன் சொல்றாங்க? அப்படின்னா ரைஃபிளிங் இருக்கற பீரங்கில அதை எப்படி சுடுறாங்க? ஆர்பிஜி வீடியோல ராக்கெட் சுத்திக்கிட்டே போறது தெரியுதே, அது எப்படி?" ஹீட்னா இங்க சூடு இல்ல, டேங்க் கவசத்தைத் துளைக்கற ஒரு வகை வெடிகுண்டோட ஆங்கிலச் சுருக்கம் (HEAT). ரைஃபிளிங்னா குண்டை சுத்த வைக்க குழாய்க்குள்ள திருகு மாதிரி போட்ட வரிப்பள்ளம், ஆர்பிஜின்னா தோள்ல வெச்சு சுடற ராக்கெட். மூணு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கறது ஒண்ணுதான். குண்டு காத்துல பறக்கறது ஒரு வேலை, போய் சேர்ந்தப்புறம் இரும்பைத் துளைக்கறது வேற வேலை. முதல் வேலைக்கு சுழற்சி நல்லது, ரெண்டாவதுக்கு கெட்டது. எவ்ளோ சுழற்சி வந்தா கெட்டதுன்னுதான் உண்மைல கேக்கறீங்க.

நான் ராணுவ ஆள் இல்ல, டேங்க் குண்டை கையால தொட்டதும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். நான் வேலை பார்த்தது எண்ணெய் கிணத்துல, வயர்லைன் பக்கம், காவேரி படுகைலயும் வெளியூர்லயும். கிணத்துக்குள்ள இறக்கின ஸ்டீல் கேஸிங்குல ஓட்டை போட்டு, பின்னாடி இருக்கற சிமெண்டையும் தாண்டி பாறைக்குள்ள வழி பண்ணி எண்ணெயை உள்ள வர வைக்கணும், அதுக்கு பெர்ஃபரேட்டிங் கன்னுனு ஒண்ணு இறக்குவோம். அதுக்குள்ள வரிசையா அடுக்கியிருக்கறதும் ஷேப்டு சார்ஜ்தான், டேங்க் ரவுண்டுல இருக்கற அதே தத்துவம், அளவு மட்டும் சின்னது. அதனால ஜெட் எப்படி நடந்துக்கும்னு எனக்கு வேலைல பழக்கம். சுழற்சி விஷயம் எங்க சார்ஜுக்கு கிடையாது, அது கிணத்துல சும்மா நிக்கும், அந்தப் பகுதி எனக்கு படிச்சு தெரிஞ்சது, கணக்கு போட்டுப் பார்த்தது.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை கழிச்சுடலாம். நிறைய பேர் நினைக்கிற மாதிரி ஹீட் ரவுண்டு கவசத்தை உருக்கி ஓட்டை போடறதில்ல. வெடிமருந்தோட முன்பக்கம் கூம்பு மாதிரி குழிவா இருக்கும், அந்தக் குழில மெல்லிசா ஒரு உலோகத் தகடு, பெரும்பாலும் காப்பர், ஒட்டி இருக்கும், அதுக்குப் பேர் லைனர். பின்னாடி இருந்து வெடிக்கும்போது அந்தக் கூம்பு எல்லா பக்கத்துல இருந்தும் உள்நோக்கி நசுங்கி நடு அச்சுல வந்து மோதுது, மோதின இடத்துல இருந்து உள்பக்கத்து காப்பர் மெல்லிசா நீளமா ஒரு கம்பி மாதிரி முன்னாடி பீய்ச்சிக்கிட்டு வருது. அதான் ஜெட். நுனி வேகம் விநாடிக்கு 8 கிலோமீட்டர், அதுக்கு மேலயும் போகும், வால் பக்கம் ரொம்ப மெதுவா வரும், அதனால போகப் போக ஜெட் இழுபட்டு நீளமாகிட்டே இருக்கும். அந்த வேகத்துல மோதும்போது வர்ற அழுத்தத்துக்கு முன்னாடி ஸ்டீலோட பலம் ஒரு கணக்கே இல்ல, ஸ்டீல் பக்கவாட்டுல ஒதுங்கி வழி விட்டுடும், ஜெட்டும் நுனில இருந்து கொஞ்சம் கொஞ்சமா செலவாகிட்டே போகும். ஆழத்தை முடிவு பண்றது முக்கியமா ரெண்டு விஷயம்: ஜெட் எவ்ளோ நீளம், அது முழுசும் ஒரே கோட்டுல வருதா. வெட்டறது, சுரண்டறது, திருகறது எதுவுமே அங்க நடக்கல, அதனால ட்ரில் உதாரணம் இங்க வேலை செய்யாது, சுத்தறதால துளைக்கறதுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது.

இந்த 'ஒரே கோட்டுல' விஷயத்தை நான் கண்ணால பார்த்திருக்கேன். எங்க சார்ஜை சோதிக்க பெரிய கான்கிரீட் உருளைக்கு நடுவுல ஒரு கேஸிங் துண்டை நிறுத்தி, உள்ள கன்னை வெச்சு வெடிப்பாங்க, அப்புறம் கான்கிரீட்டை பிளந்து ஒவ்வொரு துளையா அளப்பாங்க. ஒழுங்கா வெடிச்ச சார்ஜோட துளை உள்ள போகப் போக மெலிஞ்சுகிட்டே நேரா போய் ஊசி முனை மாதிரி முடியும். சில துளை மட்டும் பாதி வழில ஒரு பக்கமா வளைஞ்சு, சுவத்துல கீறலோட, ஆழம் கம்மியா நிக்கும். காரணம் என்னன்னா லைனர் ஒரு பக்கம் துளி தடிமன் கூட இருந்திருக்கும், இல்ல மருந்து அழுத்தினது சமமா இருந்திருக்காது. ஜெட்டுக்கு கொஞ்சம் பக்கவாட்டு வேகம் வந்தாலே முன்னாடி போன துண்டு போட்ட ஓட்டைக்குள்ள பின்னாடி வர்ற துண்டு நேரா இறங்காது, சுவத்துல மோதி வீணாகும். சில துளைக்குள்ள லைனரோட மிச்சம் ஒரு கட்டியா சிக்கி நிக்கும், எங்க ஆளுங்க அதை கேரட்டுனு சொல்வாங்க, பார்க்க அப்படியேதான் இருக்கும். இதெல்லாம் சுத்தவே சுத்தாத சார்ஜுல வர்ற கோளாறு. இப்போ எல்லா துண்டுக்கும் ஒரே சமயத்துல பக்கவாட்டு வேகம் கொடுத்தா என்ன ஆகும்னு பாருங்க, சுழற்சி பண்றது அதைத்தான்.

பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல கோண உந்தம் மாறாதுன்னு படிச்சிருப்பீங்க. சுத்திக்கிட்டு இருக்கற ஒரு பொருளோட ஆரம் குறைஞ்சா சுழற்சி வேகம் ஆரத்தோட வர்க்கத்துக்கு தலைகீழா ஏறும், அதாவது ஆரம் பத்துல ஒரு பங்கானா சுழற்சி நூறு மடங்கு. லைனர் நசுங்கறதுன்னா சரியா அதான் நடக்குது, அச்சுல இருந்து 20 எம்எம் தள்ளி இருந்த காப்பர் 2 எம்எம் ஆரத்துக்குள்ள வந்துடுது. பிரிட்டிஷ்காரங்களோட எல்7 105 எம்எம் டேங்க் பீரங்கியை எடுத்துக்கோங்க, அதோட ரைஃபிளிங் 18 காலிபர் (காலிபர்னா குழாயோட உள்விட்டம்) நீளத்துக்கு ஒரு முழு சுத்து, அதாவது கிட்டத்தட்ட 1.9 மீட்டருக்கு ஒண்ணு. விநாடிக்கு 1,000 மீட்டர் வேகத்துல ஒரு குண்டு முழுசா ரைஃபிளிங்கை பிடிச்சு வெளிய வந்தா விநாடிக்கு 530 சுத்து, நிமிஷத்துக்கு 32,000 கிட்ட. 20 எம்எம் ஆரத்துல இருக்கற லைனர் துண்டுக்கு சுத்து வேகம் விநாடிக்கு 66 மீட்டர் சொச்சம்தான், பெருசா தெரியாது. அதே துண்டு 2 எம்எம்முக்கு வந்தா அது பத்து மடங்காகி 660 மீட்டரை தொடும். இவ்ளோ வேகமா சுத்தற காப்பர் கம்பியைப் பிரிச்சு எறிய முயற்சி பண்ற இழுவிசை 4,000 மெகாபாஸ்கல் கிட்ட வரும், காப்பர் தாங்கறது சில நூறு மெகாபாஸ்கல்தான். ஆக கம்பி கம்பியா இருக்காது, வெளிப்பக்கமா விரிஞ்சு, நடுவுல குழாய் மாதிரி ஆகி, சிதறிடும். ஜெட் வேலை செய்யற நேரம் ஒரு பத்தாயிரத்துல ஒரு பங்கு விநாடி அளவு. அந்த நேரத்துக்குள்ள அந்த சிதறல் 60 எம்எம்முக்கு மேல விரிஞ்சிருக்கும், ஜெட் போடற ஓட்டையோட அகலமோ பத்து இருபது எம்எம்தான். மேல அகலமா, ஆழம் கம்மியா ஒரு பள்ளம் விழும், அவ்ளோதான்.

இதே கணக்கை இன்னொரு பக்கம் போட்டுப் பாருங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க 105 எம்எம் ஹோவிட்சர், அதோட எம்67 ஹீட் ரவுண்டு விநாடிக்கு 381 மீட்டர்தான் போகும், ரைஃபிளிங் 20 காலிபருக்கு ஒரு சுத்து, அதனால சுழற்சி விநாடிக்கு 180 தான். அதே மாதிரி போட்டா பக்கவாட்டு வேகம் 230 மீட்டருக்குள்ள, இழுவிசை 460 மெகாபாஸ்கல், காப்பரோட பலத்துக்கு கிட்டத்தட்ட சமம். பாதிப்பு இருக்கும், ஆனா ஜெட் மொத்தமா அழிஞ்சு போகாது. விநாடிக்கு 20 சுத்துன்னா 25 மீட்டர் வேகம், இழுவிசை 6 மெகாபாஸ்கல் கூட இல்ல, ஜெட்டுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. இழுவிசை சுழற்சியோட வர்க்கத்துல ஏறுது, அதான் சூட்சுமம். கொஞ்சம் சுத்தினா ஒண்ணும் இல்ல, ஒரு அளவைத் தாண்டினா மடமடன்னு சரியும்.

ஒரு எச்சரிக்கை. நான் போட்டது மொத்தக் கணக்கு. நிஜத்துல ஜெட்டோட எல்லா பகுதியும் லைனரோட ஒரே ஆரத்துல இருந்து வர்றதில்ல, கூம்போட உச்சிப் பக்கத்துல இருந்து வர்ற நுனிக்கு பாதிப்பு கம்மி, அடிப்பக்கத்துல இருந்து வர்ற பின்பகுதிக்கு அதிகம். அந்த அழுத்தத்துல காப்பரோட பலமும் சாதாரணமா அளக்கறது மாதிரியே இருக்கணும்னு இல்ல. அதனால தத்துவமும் அளவோட தரமும் உறுதி, 'சுத்தினா சரியா பாதி குறையும்' மாதிரி இணையத்துல சுத்தற ஒத்தை நம்பர் எதையும் பிடிச்சுக்காதீங்க. சார்ஜ் எவ்ளோ பெருசு, கவசத்துல இருந்து எவ்ளோ தூரத்துல வெடிக்குது, எவ்ளோ சுத்துது எல்லாத்தையும் பொறுத்து அது மாறும். முக்கியமா வெடிக்கற தூரம், ஸ்டாண்ட்-ஆஃப்னு சொல்றது, அது கூடினா சுத்தாத ஜெட்டுக்கு ஒரு அளவு வரைக்கும் லாபம், நீள நேரம் கிடைக்கும். சுத்தற ஜெட்டுக்கு அதே நேரம் சிதறவும் போதுமானதா இருக்கும், அதனால லாபம் சீக்கிரமே நஷ்டமாயிடும்.

சரித்திரத்துக்கு வந்தா இந்தப் பிரச்சனையில முதல்ல பெரிய அளவுல மாட்டினது ஜெர்மன்காரங்க. அவங்க 75 எம்எம் குட்டை பீரங்கிக்கு ஹீட் குண்டு கொடுத்தாங்க, கிராநாட்டே 38 ஹெச்எல் வரிசை, ஏ, பி, சின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு மேம்படுத்தி சி மாடல்ல 100 எம்எம் அளவுக்கு வந்தாங்க. காலிபரை விட கொஞ்சம்தான் அதிகம். அதே நாட்டோட பான்ஸர்ஷ்ரெக் 88 எம்எம் ராக்கெட், சுத்தாது, 160 எம்எம்முக்கு மேல துளைச்சது. இதைக் காட்டி 'பார்த்தியா எல்லாம் சுழற்சி வேலை'ன்னு சொல்லிடுவாங்க, ஆனா அது முழு நியாயம் இல்ல. பீரங்கி குண்டு சுடும்போது வர்ற அதிர்ச்சியைத் தாங்க தடிமனான உடம்பு வேணும், அதனால உள்ள இருக்கற சார்ஜ் சின்னதாகும், ராக்கெட்டுக்கு தகர டப்பா போதும். ஃபியூஸ் எவ்ளோ சீக்கிரம் வேலை செய்யுதுங்கறதும் சேரும். வித்தியாசத்துல சுழற்சிக்கு ஒரு பங்கு நிச்சயம் உண்டு, முழு பங்கு இல்ல.

கொரியாவுல நடந்தது இன்னும் நல்ல உதாரணம். 1950 ஜூலை 5, ஓசான் பக்கத்துல டாஸ்க் ஃபோர்ஸ் ஸ்மித்னு ஒரு சின்ன அமெரிக்கப் படை வடகொரியாவோட டி-34 டேங்குகளை மறிச்சது. கையில 2.36 இன்ச் பசூக்கா இருந்துச்சு, அது சுத்தாத ராக்கெட், கிட்டக்க போய் திரும்பத் திரும்ப அடிச்சும் டேங்குகள் பாட்டுக்கு போய்ட்டே இருந்துச்சு. 75 எம்எம் ரீகாயில்லெஸ் ரைஃபிள் அடிச்சும் நிக்கல. ஒரே ஒரு 105 எம்எம் ஹோவிட்சரை முன்னாடி தள்ளி வெச்சு, இருந்த மொத்தம் ஆறு ஹீட் ரவுண்டையும் அதுக்கே கொடுத்திருந்தாங்க, முன்னாடி வந்த ரெண்டு டேங்கை நிறுத்தினது அதுதான். சுத்தாத 60 எம்எம் தோத்துச்சு, சுத்தற 105 எம்எம் ஜெயிச்சது. ஏன்னா சார்ஜோட விட்டம்தான் முதல் காரணி, சுழற்சி அதுக்கு அடுத்து வர்ற விஷயம், அதுவும் ஹோவிட்சரோட மெதுவான வேகத்துல சுழற்சி கம்மிதான்னு மேல கணக்குல பார்த்தோம். அதுக்கப்புறம் அவசர அவசரமா 3.5 இன்ச் சூப்பர் பசூக்காவை விமானத்துல கொண்டு வந்து இறக்கினாங்க.

உங்க ரெண்டாவது கேள்வி, ரைஃபிளிங் இருந்தா எப்படி சுடுறது. ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஜெர்மன்காரங்க 1942ல ஒரு முரட்டு வழி பண்ணாங்க, 37 எம்எம் பாக் 36 பீரங்கியால புது டேங்குகளை ஒண்ணும் பண்ண முடியலன்னு ஆனப்போ, ஷ்டீல்கிராநாட்டே 41னு ஒண்ணை குழாயோட வாய்ல வெளிய இருந்து சொருகி வெற்று தோட்டாவால தள்ளி விட்டாங்க. தலை மட்டும் 159 எம்எம், பின்னாடி ஃபின் (அம்போட இறகு மாதிரி நேரா பறக்க வைக்கற வால் தகடு), குழாய்க்குள்ள போறது ஒரு தண்டு மட்டும். 180 எம்எம் துளைச்சது. ஆனா 300 மீட்டருக்கு மேல பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் பீரங்கிக்கு முன்னாடி போய் நின்னு சொருகணும், எதிரி டேங்க் வரும்போது அந்த வேலைக்கு யார் போவா.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரான்ஸோட வழி. ஏஎம்எக்ஸ்-30 டேங்கோட 105 எம்எம் பீரங்கிக்கு ஓபுஸ் ஜின்னு ஒரு ரவுண்டு, ஜிங்கறது கெஸ்னருங்கற பேரோட முதல் எழுத்து. வெளி உடம்பு வழக்கமான குண்டு மாதிரி முழு வேகத்துல சுத்தும், உள்ள ஷேப்டு சார்ஜ் தனியா, பால் பேரிங் மேல உக்காந்திருக்கும். வெளிய நிமிஷத்துக்கு 25,000, 30,000 சுத்து இருக்கும்போது உள்ள இருக்கறது விநாடிக்கு 20, 30 சுத்துதான் வாங்கும். பீரங்கி வெடிக்கும்போது வர்ற அந்த பயங்கர உந்தலை ஒரு பேரிங் தாங்கி, அதுக்கப்புறமும் ஒட்டாம சுத்தணும், அதை ஆயிரக்கணக்குல தயாரிக்கவும் முடியணும், யோசிச்சுப் பாருங்க. சாதிச்சாங்க, 400 எம்எம் ஸ்டீல் துளைச்சது. விலை என்னன்னா ஒரு குண்டுக்குள்ள இன்னொரு குண்டு, அதனால 105 எம்எம் பீரங்கில இருந்து போனாலும் உள்ள மருந்து 780 கிராம்தான். ஆனா சுத்தற குண்டோட துல்லியம் முழுசா கிடைச்சது, பிரான்ஸ் ரொம்ப வருஷம் டேங்க் எதிர்ப்புக்கு இதையே முக்கியமா நம்பியிருந்தது.

அமெரிக்கா சுலபமான வழில போச்சு. அவங்க 105 எம்எம் எம்456 ரவுண்டு ஃபின் வெச்சது, பீரங்கி ரைஃபிளிங் உள்ளதுதான், ஆனா குண்டை சுத்தி இருக்கற பேண்ட் வழுக்கற மாதிரி செஞ்சுட்டாங்க. பேண்ட் ரைஃபிளிங்கை பிடிச்சு சுத்தும், வாயு கசியாம அடைக்கும், உள்ள இருக்கற குண்டு பெரும்பாலும் சுத்தாம வெளிய வந்துடும், அப்புறம் ஃபின் பார்த்துக்கும். விநாடிக்கு 1,174 மீட்டர் வேகம். இந்த வழுக்கற பேண்ட் தத்துவம்தான் நிலைச்சது. நம்ம ராணுவம் வெச்சிருக்கற 84 எம்எம் கார்ல் குஸ்தாஃபும் ரைஃபிளிங் உள்ள குழாய்தான், அதோட பிந்தைய ஹீட் ரவுண்டுலயும் இதே ஏற்பாடுதான். லைனரையே எதிர்ப்பக்கமா சுத்தற மாதிரி வரிவரியா செஞ்சு சுழற்சியை ஈடு கட்டற யோசனையும் உண்டு, அது வேலை செய்யும்னு சோதனைல காட்டியிருக்காங்க, ஆனா ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்குத்தான் அது சரியா பொருந்தும், டேங்க் பீரங்கில அது பரவலா வரல.

ஆர்பிஜி விஷயம். நீங்க வீடியோல பார்த்தது நிஜம்தான், ஆர்பிஜி-7 ராக்கெட் சுத்தத்தான் செய்யும், வேணும்னேதான் சுத்த விடுறாங்க. ஆனா அது நிலைப்படுத்தறதுக்கு இல்ல, அதுக்கு ஃபின் இருக்கு. மோட்டார் உந்தல் ஒரு துளி கோணலா இருந்தாலும், ஃபின் ஒண்ணு லேசா வளைஞ்சிருந்தாலும், மெதுவா சுத்தினா அந்தப் பிழை எல்லா பக்கமும் சமமா பகிர்ந்து கழிஞ்சுடும். இந்த மெதுவான சுத்துக்கு ஜெட் கவலைப்படாது, மேல 20 சுத்து கணக்கு ஞாபகம் இருக்கும். 85 எம்எம் தலை வெச்ச ஆரம்பகால பிஜி-7வி 260 எம்எம் துளைக்கும், அதாவது காலிபரோட மூணு மடங்கு, ஜெர்மன் 75 எம்எம்மோட ஒப்பிட்டுக்கோங்க, நடுவுல லைனர் தொழில்நுட்பமும் ரொம்ப முன்னேறிடுச்சுங்கறதையும் சேர்த்துக்கோங்க. 40 எம்எம் கிரனேட் லாஞ்சர் ரவுண்டு முழுக்க சுழற்சியாலதான் நிக்குது, ஆனா வேகமே விநாடிக்கு 76 மீட்டர், நிமிஷத்துக்கு 3,700 சுத்துதான், அதனால எம்433 மாதிரி ரவுண்டு சுத்திக்கிட்டே போய் 50 எம்எம் ஸ்டீலை துளைச்சுடுது.

பிரிட்டிஷ்காரங்க இந்தத் தலைவலியே வேணாம்னு வேற பக்கம் போனாங்க. ஹெஷ்னு ஒரு ரவுண்டு, கவசத்து மேல பிளாஸ்டிக் வெடிமருந்தை அப்பி வெடிக்க வெச்சு உள்பக்கத்து ஸ்டீல் தெறிக்க வைக்கும், அதுக்கு ஜெட்டே கிடையாது, எவ்ளோ சுத்தினாலும் பிரச்சனை இல்ல. அதனால அவங்க கடைசி வரைக்கும் ரைஃபிளிங்கை விடல, சேலஞ்சர் 2 வரைக்கும் அதான், இப்போ சேலஞ்சர் 3ல தான் ஜெர்மன் 120 எம்எம் ஸ்மூத்போருக்கு, அதாவது ரைஃபிளிங் இல்லாத வழவழ குழாய்க்கு மாறுறாங்க. மத்தவங்க முன்னாடியே மாறிட்டாங்க, சோவியத் 1960கள் ஆரம்பத்துல டி-62 டேங்க்ல 115 எம்எம், ஜெர்மனி 1979ல லெப்பர்ட் 2ல 120 எம்எம். அதுக்கு ஹீட் மட்டும் காரணம்னு எழுதறவங்க பாதிதான் சொல்றாங்க, நீளமான அம்பு மாதிரி டங்ஸ்டன் ரவுண்டு இருக்கே, எஃப்எஸ்ஏபிடிஎஸ், அதுக்கும் சுழற்சி ஆகாது, என்னைக் கேட்டா பெரிய காரணம் அதுதான்.

ரைஃபிளிங், ஸ்மூத்போர்னு இந்த ரெண்டு வழியையும் ஒரே இடத்துல பார்க்கணும்னா ஆவடிக்குத்தான் போகணும். 1960கள்ல அங்க கனரக வாகனத் தொழிற்சாலைல கட்ட ஆரம்பிச்ச விஜயந்தா டேங்குக்கு எல்7 105 எம்எம், ரைஃபிளிங். அர்ஜுன் டேங்குக்கு 120 எம்எம், அதுவும் ரைஃபிளிங், அதோட ரவுண்டுகள் ஹெஷும், வழுக்கற பேண்டோட வர்ற எஃப்எஸ்ஏபிடிஎஸ்ஸும். பக்கத்து ஷெட்ல தயாரான டி-72, டி-90க்கு 125 எம்எம் ஸ்மூத்போர், அதுல ஹீட் ரவுண்டு ஃபின் விரிச்சுக்கிட்டு எந்த பேரிங்கும் வழுக்கற பேண்டும் இல்லாம சாதாரணமா போகும்.